ஹேட் மாட்டியதும் ராஸ்பெர்ரி பை பூட் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

நேற்று வரை ஒழுங்காக ஓடிய ராஸ்பெர்ரி பை, அதாவது உள்ளங்கை அளவு ஒற்றைப் போர்டு கணினி. இன்று அதன் மேல் ஒரு ரிலே போர்டோ ஜிபிஎஸ்ஸோ ஆடியோ கார்டோ மாட்டினீர்கள், கரண்ட் கொடுத்தீர்கள், திரையில் ஒன்றுமே வரவில்லை. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் எஸ்டி கார்டை உருவி லேப்டாப்பில் போட்டு ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதுகிறார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். கார்டில் இருந்த செட்டிங்கும் போய்விடும், கோளாறு எங்கே என்று காட்டும் தடயமும் போய்விடும், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே இருட்டுத் திரைதான். கார்டு எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் போர்டில் இருக்கும் அந்தச் சின்ன லைட் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹேட் என்று இங்கே நான் சொல்வது 40 பின் வரிசையின் மேல் உட்காரும் எல்லாத் துணைப் போர்டுகளையும் சேர்த்துத்தான். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை

அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். அப்புறம் ஹேட், யுஎஸ்பியில் இருக்கும் எல்லாம், கேமரா கேபிள், மின்விசிறி வரை கழற்றிவிட்டு, போர்டு, கார்டு, அடாப்டர், மானிட்டர் நான்கு மட்டும் வைத்து எழுப்பிப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போது ஹேட்டைப் பிடுங்கவோ மாட்டவோ கூடாது. கையில் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கும்போது எந்தப் பின் எதைத் தொடும் என்று சொல்ல முடியாது, 5 வோல்ட் ஒரு ஜிபிஐஓ பின்னை (சிக்னல் வாங்கவும் கொடுக்கவும் உள்ள பின்) தொட்டால் போதும், அந்த பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

வெறும் போர்டு எழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, கோளாறு ஹேட்டிலோ அதற்குப் போகும் கரண்டிலோ அதற்காக நீங்கள் கான்ஃபிக் கோப்பில் (பை எழும்போது படிக்கும் செட்டிங் கோப்பு) சேர்த்த வரியிலோ இருக்கிறது. வெறும் போர்டும் எழவில்லை என்றால் ஹேட்டை ஓரமாக வைத்துவிட்டு போர்டையும் கார்டையும் கவனியுங்கள். இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் மேலே போனால் எல்லாமே குத்துமதிப்புதான்.

எந்த லைட்டும் எரியவில்லை

சுவரில் ஸ்விட்ச், அடாப்டர், கேபிள் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். பை ஸீரோ வகைகளில் சிவப்பு லைட்டே கிடையாது, ஒரு பச்சை லைட் மட்டும்தான், அதனால் அங்கே இருட்டு என்பதற்குக் கரண்ட் இல்லை என்று உடனே அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019-இல் வந்த முதல் தொகுதி பை 4-களில் டைப்-சி பகுதியின் வடிவமைப்பில் ஒரு குறை இருந்தது, உள்ளே சிப் வைத்த விலை உயர்ந்த லேப்டாப் கேபிளைப் போட்டால் அடாப்டர் அதை ஆடியோ துணைக்கருவி என்று நினைத்துக் கரண்ட் தராது. பிறகு வந்த திருத்தப் பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். பழைய பை 4 வைத்திருப்பவர்கள் சாதாரண டைப்-சி கேபிளோடு முயற்சி செய்யுங்கள்.

ஹேட்டோடு இருக்கும்போது மட்டும் லைட் அணைகிறது என்றால் பின் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும், முக்கியமாகக் கேஸுக்குள் வைத்து மாட்டும்போது. போர்டில் 2-ம் 4-ம் 5 வோல்ட், 6 கிரவுண்ட். ஹேட் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால், ஒரு திசையில் ஹேட்டின் 5 வோல்ட் பின்கள் இரண்டில் ஒன்று போர்டின் 5 வோல்ட்டிலும் மற்றது கிரவுண்டிலும் இறங்கும், அதாவது நேரடி ஷார்ட், லைட் வராது. எதிர்த் திசையில் தள்ளினால் இன்னும் மோசம், ஹேட்டின் கிரவுண்ட் போர்டின் 5 வோல்ட்டில் உட்கார்ந்து, ஹேட்டின் மற்ற கிரவுண்ட் பின்கள் வழியாக அந்த 5 வோல்ட் ஜிபிஐஓ பின்களுக்குப் போய்விடும். பக்கவாட்டில் கண் மட்டத்துக்குத் தூக்கி, இரண்டு ஓரங்களிலும் ஏதாவது பின் வெளியே நிற்கிறதா என்று பாருங்கள்.

3பி பிளஸ், பை 4 இரண்டிலும் ஈதர்நெட் பக்கம் நான்கு சின்னப் பின்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், பிஓஇ வேலைக்கானவை, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் எடுப்பதற்கு. ஹேட்டின் அடிப்பக்கத்தில் ஈயம் வைத்த முனைகள் அதைத் தொட்டால் என்னென்னவோ நடக்கும். அதே மாதிரி ஹெச்டிஎம்ஐ, ஈதர்நெட் ஜாக்குகளின் உலோக மூடி எல்லாம் கிரவுண்ட், ஹேட் சாய்ந்தால் அதன் மேல் படும். 11 மில்லிமீட்டர் நைலான் ஸ்டாண்டாஃப் நான்கு, எம் 2.5 ஸ்க்ரூ, இதைப் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. சில போர்டுகளோடு அவை வருவதில்லை, தனியாக வாங்கி வையுங்கள்.

சிவப்பு எரிகிறது, பச்சை அசையவே இல்லை

பச்சை லைட் கார்டைப் படிக்கும்போது படபடவென்று சிமிட்டும். அது ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை என்றால் போர்டு கார்டைப் படிக்கும் கட்டத்துக்கே வரவில்லை அல்லது கார்டில் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பை 5-இல் இரண்டும் ஒரே லைட், அது சிவப்பாகவே நின்றால் போர்டு எழவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி நின்றால் ஓரத்தில் இருக்கும் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், முன்பு ஷட்டவுன் செய்த நிலையிலேயே இருக்கலாம்.

மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனை 6-ஆம் பின்னில், சிவப்பு முனை 2-ஆம் பின்னில், 5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். அப்புறம் சிவப்பு முனையை 1-ஆம் பின்னுக்கு மாற்றுங்கள், 3.3 வோல்ட். முனை வழுக்கி 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துத் தொட்டால் 3.3 வோல்ட் லைனுக்குள் 5 வோல்ட் ஏறிப் போர்டு செத்துவிடும், ஆகவே ஒரு பெண் ஜம்பர் ஒயரைப் பின்னில் செருகி அதன் மறுமுனையில் மீட்டரை வைப்பது நல்லது. 5 இருக்கிறது, 3.3 இல்லை என்றால் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சிப் போய்விட்டது, வெறும் போர்டிலும் அப்படியே இருந்தால் அந்தப் போர்டை மென்பொருளால் காப்பாற்ற முடியாது. ஹேட்டைக் கழற்றியதும் 3.3 திரும்பி வந்தால் ஹேட்டில் 3.3 லைன் எங்கேயோ ஷார்ட், போர்டு பிழைத்தது.

இரண்டு வோல்ட்டேஜும் சரியாக இருந்தால் பூட்லோடரைப் பாருங்கள், ஓஎஸ்ஸை எழுப்பும் முதல் நிரல் அது. பை 3 வரை முதல் பூட் கோப்பே கார்டில்தான் இருந்தது. பை 4, 5 இரண்டிலும் அது போர்டிலேயே ஒரு சின்ன ஈப்ராம் சிப்பில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது, அது கெட்டால் நல்ல கார்டு போட்டாலும் எழாது. ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளில் பூட்லோடர் மீட்பு இமேஜ் ஒன்று இருக்கும், வேறொரு பழைய கார்டில் அதை எழுதிப் போடுங்கள். வேலை முடிந்தால் பச்சை லைட் ஒரே சீராக வேகமாகச் சிமிட்டும், மானிட்டர் முழுக்கப் பச்சையாகும். இரண்டு நிமிட வேலைதான், உங்கள் கார்டைத் தொடவும் வேண்டாம்.

பச்சை லைட் எண்ணி எண்ணிச் சிமிட்டுகிறது

இது நல்ல செய்தி. போர்டு பேசுகிறது. ஒரு தொகுதியாகச் சிமிட்டி, இடைவெளி விட்டு, மறுபடி அதே எண்ணிக்கை வரும். அறை வெளிச்சத்தைக் குறைத்து, போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எண்ணுவது சுலபம், ஏனென்றால் சில குறிகளில் முதலில் நீண்ட சிமிட்டல் வந்து பிறகு குட்டைச் சிமிட்டல் வரும், வெறும் கண்ணுக்கு அது குழப்பும்.

நீண்டது இல்லாமல் குட்டையாக 4 வந்தால் ஸ்டார்ட் கோப்பு, அதாவது பூட்லோடர் அடுத்து ஏற்ற வேண்டிய கோப்பு, கிடைக்கவில்லை. பை 3-இல் ஓடிய பழைய கார்டைப் பை 4-இல் செருகியவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள், பை 4-க்கு அதற்கென்று தனி ஸ்டார்ட் கோப்பு வேண்டும். குட்டை 7 என்றால் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கோப்பு இல்லை. குட்டை 3 பொதுவான தோல்வி, அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. குட்டை 8 என்றால் நினைவகம், வெறும் போர்டிலும் வந்தால் போர்டை மாற்ற வேண்டியதுதான். நீண்டது 2, குட்டை 1 என்றால் முதல் பார்ட்டிஷன் ஃபேட் வடிவத்தில் இல்லை, கார்டைக் கோளாறாக எழுதியிருக்கிறீர்கள். நீண்டது 3, குட்டை 1 என்றால் மேலே சொன்ன அந்த ஈப்ராம்.

லைட் ஓடுகிறது, திரையில்தான் ஒன்றும் இல்லை

பூட் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டு ரவுட்டரின் பட்டியலில் பை வந்திருக்கிறதா, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) போகிறதா என்று பாருங்கள். பை 4-இல் இரண்டு ஹெச்டிஎம்ஐ உண்டு, டைப்-சி ஓட்டைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதல் போர்ட், அதில் மாட்டுங்கள். மானிட்டரை முதலில் ஆன் செய்துவிட்டுப் பிறகு பைக்குக் கரண்ட் கொடுங்கள்.

வானவில் நிறச் சதுரம் வந்து அங்கேயே நின்றுவிட்டால், ஸ்டார்ட் கோப்பு ஓடிவிட்டது, கர்னல் கிளம்பவில்லை. இது பை 4 வரைக்கும் உள்ள அறிகுறி. கர்னல் கோப்பு பாதி எழுதியதாக இருக்கலாம் (அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கும்), அல்லது போர்டுக்கு ஒத்துவராத கர்னல். பை 5-க்கு 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பு முதற்கொண்டுதான் ஒத்துவரும், அதற்கு முந்தைய கார்டை வைத்துப் போராட வேண்டாம்.

ஹேட் இல்லாமல் எழுகிறது, ஹேட்டோடு எழவில்லை

இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே நான்கு காரணங்கள் உண்டு, நான் பார்த்த வரையில் அடிக்கடி வருவதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது கரண்ட். பை 3-க்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர், மூன்றுமே 5.1 வோல்ட். அந்த .1 சும்மா இல்லை, கேபிளில் விழும் இழப்புக்காக வைத்தது. போன் சார்ஜர் கேபிள்களில் உள்ளே இருக்கும் ஒயர் மிக மெல்லியது. 28 கேஜ் ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம், கரண்ட் போக வர இரண்டு ஒயர் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். வெறும் பை 1 ஆம்பியர் இழுத்தால் 0.42 வோல்ட் போகும், 5.1 என்பது 4.68 ஆகும், எழுந்துவிடும். ஹேட்டும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் 0.84 வோல்ட் போய் 4.26. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பை, கரண்ட் போதவில்லை என்று எச்சரிக்கத் தொடங்கும், 4.26-இல் எழுவதே சந்தேகம். அடாப்டரில் 3 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கேபிளைக் குட்டையாக்குங்கள், தடிமனாக்குங்கள்.

தோட்டத்து மோட்டாரைக் கண்காணிக்க ஒரு பெட்டி செய்தேன், பை 3 மேல் சிம் போட்ட ஜிஎஸ்எம் போர்டு. மேஜையில் வைத்து இரண்டு நாள் ஓடியது. மோட்டார் ரூமில் பிளக் தூரமாக இருந்ததால் அங்கே இருந்த மூன்று மீட்டர் கேபிளைப் போட்டேன். எழும், பத்து இருபது நொடியில் அணையும், மறுபடி எழும். கார்டை இரண்டு தடவை மாற்றினேன். கடைசியில் மீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துவிட்டு அங்கேயே குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எண் 4.7-இல் நிற்கிறது, ஜிஎஸ்எம் போர்டின் லைட் டவரைத் தேடிச் சிமிட்டும்போது மட்டும் 4.4-க்கு விழுந்து எழுகிறது. 2ஜி மோடம் சிக்னல் அனுப்பும் அந்தக் கண நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், மேஜையில் டவர் நன்றாகக் கிடைத்ததால் அவ்வளவு இழுக்கவில்லை. பிளக் பாயிண்டைப் பக்கத்தில் கொண்டுவந்து குட்டைக் கேபிள் போட்டதோடு சரியாகிவிட்டது.

எல்இடி ஸ்ட்ரிப்பும் இதே வகை. டபிள்யூஎஸ்2812 எல்இடி ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை போகும், 60 எல்இடிக்கு 3.6 ஆம்பியர். அதைப் பையின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கவே கூடாது. தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் பையோடு சேருங்கள். செர்வோ, ரிலே, மோட்டார் எல்லாவற்றுக்கும் இதே பேச்சு.

இரண்டாவது, ஹேட்டில் இருக்கும் அடையாளச் சிப். 2014-இல் வந்த ஹேட் விதிமுறைப்படி, ஒழுங்கான ஹேட் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஈப்ராம் இருக்கும், 27, 28-ஆம் பின்களில் இணைந்திருக்கும். பை எழும்போதே அதைப் படித்து, இது இன்ன ஹேட், இதற்கு இந்த ஓவர்லே (ஹேட்டில் என்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) வேண்டும் என்று தானாகவே ஏற்றிக்கொள்ளும். ஒரே ஹேட் என்றால் இது வசதி. இரண்டு ஹேட்டை அடுக்கினால் இரண்டின் ஈப்ராமும் ஒரே முகவரியில் பதில் சொல்லும், பை படிப்பது இரண்டும் கலந்த குப்பையாக இருக்கும். அல்லது அந்த இரண்டு பின்களை வேறு எதற்காவது ஒயர் போட்டிருப்பீர்கள். கார்டை லேப்டாப்பில் போட்டு, கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் ஃபோர்ஸ்_ஈப்ராம்_ரீட்=0 என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அது இருந்தால் பை அந்தச் சிப்பைப் படிக்காது. எழுந்துவிட்டால் இதுதான் காரணம், ஹேட்டுக்கு வேண்டிய ஓவர்லேயை நீங்களே கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுந்த பிறகு ப்ராக் கோப்பகத்துக்குள் டிவைஸ்-ட்ரீ, அதற்குள் ஹேட் என்று ஒரு கோப்பகம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பை ஹேட்டை அடையாளம் கண்டிருக்கிறது, ப்ராடக்ட் என்ற கோப்பில் பெயரும் இருக்கும்.

மூன்றாவது, கான்ஃபிக் கோப்பு. ஹேட் விற்றவர் கொடுத்த ஸ்கிரிப்டை ஓட்டியிருப்பீர்கள், அது டிடிஓவர்லே வரிகளையும் கர்னல் மாட்யூலையும் சேர்த்திருக்கும். அந்த ஸ்கிரிப்ட் எந்த வருடம் எழுதியது என்று பாருங்கள். புக்வோர்மில் கான்ஃபிக் கோப்பு பூட் கோப்பகத்திலிருந்து அதற்குள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் கோப்பகத்துக்கு மாறிவிட்டது, பழைய ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் எழுதிவிட்டுப் போய்விடும், நீங்கள் வரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பை அதைப் பார்த்திருக்கவே இருக்காது. சோதிக்கும் வழி எளிது: கார்டை லேப்டாப்பில் போட்டால் தெரியும் அந்தச் சின்னப் பார்ட்டிஷனில் இருக்கும் கோப்பைத் திறந்து, நீங்களோ ஸ்கிரிப்டோ சேர்த்த ஒவ்வொரு வரியின் முன்னாலும் # போடுங்கள், எழுப்புங்கள், எழுந்தால் ஒவ்வொன்றாக # எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒரே தடவையில் இரண்டு வரி எடுக்காதீர்கள். பொறுமை வேண்டும், ஆனால் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

நான்காவது, ஹேட் பிடித்துவைத்திருக்கும் பின். 5-ஆம் பின், அதாவது ஜிபிஐஓ 3, ஐ2சி (சென்சார் போன்ற கருவிகளோடு இரண்டு ஒயரில் பேசும் முறை) கடிகார லைன். ஷட்டவுன் ஆன பையை எழுப்புவதும் அதே பின்தான், கிரவுண்டைத் தொட்டால் எழும். ஹேட் அதைக் கீழே இழுத்து வைத்திருந்தால், ஷட்டவுன் கொடுத்ததும் தானாக மறுபடி எழும், ஐ2சி கருவிகள் எதுவும் தெரியாது. 8-ஆம், 10-ஆம் பின்கள் சீரியல் லைன், அதாவது கருவிகள் எழுத்துகளைப் பரிமாறும் வழி. ஜிபிஎஸ் போர்டு கரண்ட் வந்ததிலிருந்து ஒவ்வொரு நொடியும் அந்த வழியாக எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அது பெரும்பாலும் பூட்டை நிறுத்தாது, லாகின் கேட்கும் கன்சோலோடு சண்டை போட்டு ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போகும், ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் வழி லாகினை மட்டும் அணைத்தால் போதும். ஆனால் யு-பூட் (வேறொரு பூட்லோடர்) வழியாக எழும் சிஸ்டமாக இருந்தால் கதை வேறு, யு-பூட் எழும்போது ஏதாவது கீயை அழுத்தினால் நிறுத்துகிறேன் என்று சில நொடி காத்திருக்கும், ஜிபிஎஸ் அனுப்பும் எழுத்தை யாரோ கீ அழுத்தியதாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஜிபிஎஸ்ஸைக் கழற்றினால் எழும், மாட்டினால் நிற்கும். காரணம் தெரியாவிட்டால் ஜிபிஎஸ் போர்டே கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவோம்.

பாதி வரை வந்து நின்றுவிடுகிறது

கர்னல் பேனிக் என்று வந்து, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று முடிந்தால், சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பைத் திறங்கள். அது முழுக்க ஒரே வரியில் இருக்க வேண்டும். எடிட்டரில் நடுவே என்டர் விழுந்திருந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எதையும் கர்னல் பார்க்காது. கார்டைப் பிரதி எடுத்துப் பெரிய கார்டுக்கு மாற்றியிருந்தால் அதில் இருக்கும் பார்ட்யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) பழைய கார்டுடையதாக இருக்கலாம்.

ஒன்றரை நிமிடம் ஏதோ டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது, அங்கேயும் ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி நிற்கிறது. இது எஃப்எஸ்டேப் கோப்பில் (எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) எழுதிவைத்த யுஎஸ்பி டிஸ்க் இப்போது இல்லை என்பதுதான், ஹேட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, நீங்கள் ஹேட் மாட்டுவதற்காக டிஸ்க்கைக் கழற்றினீர்கள், அவ்வளவுதான். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி எழுப்பி, அந்த வரியில் நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள்.

ஒரு தடவை எழுகிறது, ஒரு தடவை எழவில்லை

பத்துக்கு ஏழு தடவை எழும் போர்டுதான் மிகவும் படுத்தும். எழுந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட் என்று அடியுங்கள். 0 வந்தால் கரண்ட் சரி. 50005 வந்தால் இந்த நொடியே வோல்ட்டேஜ் போதவில்லை. 50000 வந்தால் இப்போது சரி, ஆனால் எழுந்ததிலிருந்து எப்போதோ ஒரு தடவை விழுந்திருக்கிறது, அந்த எப்போதோதான் உங்கள் மீதி மூன்று தடவை. ஹேட்டை வேலை வாங்கிவிட்டு, அதாவது ரிலே எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, மறுபடி அடித்துப் பாருங்கள்.

பை 5-இல் என்விஎம்இ ஹேட்

பட்டைக் கேபிள். என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க்கை மாட்டும் ஹேட்டில் பத்தில் பெரும்பாலும் அதுதான். இரண்டு பக்கமும் கறுப்புத் தாழ்ப்பாளைத் தூக்கி, கேபிளை நேராக அடிவரை தள்ளி, தாழ்ப்பாளை மூடுங்கள், தொடர்பு முனைகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஹேட்டோடு வந்த படத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். கான்ஃபிக் கோப்பில் பிசிஐஇ (அந்தப் பட்டைக் கேபிளில் ஓடும் இணைப்பு) ஜென் 3 என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பை 5-க்கு அதிகாரபூர்வமாக ஜென் 2 தான், ஜென் 3 சில கேபிளில் ஓடும், சிலதில் பாதியில் படிக்க முடியாமல் விழும். புதிய ஹேட் பிளஸ் விதிமுறைப்படி செய்யாத அடாப்டர் என்றால் பூட்லோடர் செட்டிங்கில் பிசிஐஇ_ப்ரோப்=1 வேண்டும், இல்லாவிட்டால் பூட்லோடர் அந்தப் பக்கமே தேடாது. பூட் வரிசை எஃப்416 என்று இருக்கட்டும், அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 6 என்விஎம்இ, 1 எஸ்டி கார்டு, 4 யுஎஸ்பி, எஃப் என்றால் மறுபடி முதலிலிருந்து.

பை 5-க்கு 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யுஎஸ்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும், 5 ஆம்பியர் அடாப்டருக்கு 1.6 ஆம்பியர். யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து எழுப்ப முயன்று தோற்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வேறு போர்டு வைத்திருப்பவர்களுக்கு

பீகிள்போன் பிளாக்கில் பி8 வரிசையின் 31 முதல் 46 வரை உள்ள பின்கள் திரைக்கானவை, ஆனால் கரண்ட் வந்த அந்த முதல் கணத்தில் எங்கிருந்து பூட் ஆக வேண்டும் என்று சிப் அந்த பின்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். நீங்கள் மாட்டிய கேப் (அந்தப் போர்டின் ஹேட்) அப்போது அவற்றில் ஒன்றை மேலேயோ கீழேயோ இழுத்தால் பூட் இடமே மாறிப்போகும். சீரியல் கேபிளில் சி என்ற எழுத்து மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் அதுதான், எங்கேயும் ஒன்றும் கிடைக்காமல் சீரியல் வழியாகவாவது யாராவது அனுப்புவார்களா என்று காத்திருக்கிறது. ஜெட்சன் நேனோவில் பெரிய உருண்டை பிளக்கில் கரண்ட் கொடுத்தும் எழவில்லை என்றால் ஜே48 என்ற ஜம்பரைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஈஎஸ்பி32 கணினி வகையில் சேராது, ஆனாலும் கேட்பவர்கள் அதிகம்: ஜிபிஐஓ 12-இல் மாட்டிய சென்சார் எழும் நேரத்தில் அந்த பின்னை மேலே பிடித்தால் ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் என்று சிப் நினைத்துக்கொண்டு, படிக்க முடியாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். வேறு பின்னுக்கு மாற்றுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் சீரியல் கேபிள்

யுஎஸ்பி டிடிஎல் கேபிள் ஒன்று வாங்குங்கள், 3.3 வோல்ட் வகை. ஹேட் இல்லாத நிலையில் 6-இல் கிரவுண்ட், கேபிளின் ஆர்எக்ஸ் 8-இல், டிஎக்ஸ் 10-இல். கேபிளின் சிவப்பு 5 வோல்ட் ஒயரை எதிலும் மாட்டாதீர்கள், டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். வேகம் 115200. ஹேட்டோடு பார்க்க வேண்டும் என்றால் நீளக் கால் வைத்த அடுக்கு ஹெட்டர் ஒன்றை நடுவில் போட்டு, பக்கவாட்டில் ஒயரை எடுங்கள். பை 5-இல் இரண்டு ஹெச்டிஎம்ஐக்கு நடுவே இதற்கென்றே மூன்று பின் சாக்கெட் இருக்கிறது, ஹேட் மேலே இருந்தாலும் தொந்தரவில்லை. பை 4-இல் பூட்லோடரும் பேச வேண்டும் என்றால் அதன் செட்டிங்கில் பூட்_யுஆர்ட்=1 போட வேண்டும். கர்னலின் பேச்சுக்குக் கான்ஃபிக் கோப்பில் எனேபிள்_யுஆர்ட்=1.

முதலில் ஹேட் இல்லாமல் ஒரு தடவை எழுப்பி, வருவது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அடுத்து ஹேட்டோடு எழுப்பி இன்னொரு கோப்பில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஓட்டுங்கள். எந்த வரியிலிருந்து இரண்டும் வேறாகப் போகிறதோ, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வரிகளில் எந்தக் கருவியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஐ2சியா, எஸ்பிஐயா, எம்எம்சியா, அங்கிருந்து தேடத் தொடங்கலாம். யாரிடமாவது உதவி கேட்பதானாலும் இந்த இரண்டு கோப்பு, போர்டின் மாடல், ஹேட்டின் பெயர், அடாப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும், கேபிளின் நீளம் இவ்வளவையும் சேர்த்துக் கொடுங்கள்.